இணையம் அறுந்த இரவுகள்: ஒரு ரௌட்டரால் நாம் கற்றுக்கொண்ட பாடம்



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் மோடத்தைப் பற்றியும் ரௌட்டரைப் பற்றியும் எழுதுவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று நம் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பும், கடல் கடந்து உழைக்கும் தகப்பன்மார்களின் முகம் பார்ப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. இணைப்பு அறுந்தால் வீட்டில் சினம் எழுகிறது. சினத்தோடு சந்தேகமும் எழுகிறது. எமது இல்லத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்த ஒரு பழுதையும், அதனால் நாம் இழைத்த ஒரு தவற்றையும், பழுதைக் கண்டறிந்த வழியையும் இங்கே எழுதுகிறோம்.

ஒன்பது மணி வகுப்பு

இஷா தொழுகைக்குப் பின், இரவு ஒன்பது மணிக்கு, துபையிலும் ஷார்ஜாவிலும் வாழும் நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆறு பேருக்கு இணையவழியில் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறோம். அங்கே அப்போது மாலை ஏழரை மணி. பள்ளிக்கூடப் பாடங்களை முடித்துவிட்டுப் பிள்ளைகள் வந்து அமர்வார்கள்.

ஓதக் கற்பிப்பவருக்குக் காதுதான் கருவி. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் பிரித்தறிய வேண்டும். நீட்டி ஓத வேண்டிய இடத்தில் பிள்ளை எத்தனை அளவு நீட்டியது என்று கவனிக்க வேண்டும். இணைப்பு தடுமாறினால் நீட்டிய ஓசை நடுவில் அறுந்துவிடும். பிள்ளை நீட்டவில்லை என்று நமக்குத் தோன்றும். ஓரிரவு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரே இடத்தில் மூன்று முறை திருப்பி ஓதச் செய்தோம். மூன்றாம் முறை அவள் அழுதுவிட்டாள். வகுப்பு முடிந்தபின் அவளுடைய தாயார் செய்தி அனுப்பியிருந்தார்: “உஸ்தாத், பிள்ளை சரியாகத்தான் ஓதினாள். உங்கள் பக்கம்தான் குரல் விட்டுவிட்டு வருகிறது.”

அன்றிரவு எமக்கு வெட்கமும் சினமும் ஒருசேர வந்தன. சினம் மூத்த மகன்மீது சென்று இறங்கியது. அவன் பிளஸ் ஒன் படிக்கிறான். இரவில் கைப்பேசியும் கையுமாக இருப்பவன். நாம் பாடம் நடத்தும் நேரத்தில் அவன் படங்களை இறக்குவதால்தான் இணைப்பு திணறுகிறது என்று முடிவு செய்து, கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்தோம். “நான் ஒன்றும் இறக்கவில்லை வாப்பா” என்றான். நாம் நம்பவில்லை.

அடுத்த வாரம் அவனே வந்து சொன்னான்: “வாப்பா, உம்மா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது.” கைப்பேசியைத் திரும்பப் பெறுவதற்காகக் கதை கட்டுகிறான் என்றே எண்ணினோம். “பீரோவுக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு? போய்ப் படி” என்று அனுப்பிவிட்டோம்.

கைப்பேசி பூட்டியிருந்த நாட்களிலும் இணைப்பு அறுந்தது. நாமோ அதைப் பார்த்தும் சிந்திக்கவில்லை. மாதாந்தரத் திட்டத்தை 50 எம்பிபிஎஸ்-இலிருந்து 100 எம்பிபிஎஸ்-க்கு உயர்த்தினோம். பயனில்லை. நான்கு ஆண்டெனாக்கள் நிமிர்ந்து நிற்கும் ஒரு ரௌட்டரைக் கடையில் பார்த்து வாங்கி வந்தோம். அதன் பெட்டியில் 300 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அதனாலும் பயனில்லை. இணைப்பு தந்த நிறுவனத்தின் பணியாளரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டோம். அவர் மறுநாள் பகலில் வந்து சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

தொடரை ஆராயும் முறை

எம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கணினி வலையமைப்புத் துறையில் பணியாற்றுகிறார். நலம் விசாரிக்க அழைத்தவரிடம் இந்தக் குறையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “உஸ்தாத், எங்களுக்கு இஸ்னாதைப் பற்றிப் பாடம் நடத்தியவர் நீங்கள். ஒரு செய்தி எத்தனை பேர் வழியாக வந்தது, அவர்களுள் யார் பலவீனமானவர் என்று ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்வீர்கள். இதையும் அப்படியே பாருங்களேன்” என்றார்.

அவர் விளக்கியதை எமக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம். முன்பு தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாக இணையம் வந்தபோது, அந்தக் கம்பியின் சைகையைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றிய பெட்டியின் பெயர் மோடம். இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் எனும் கண்ணாடி இழை வருகிறது. அதில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்றும் பெட்டியை ஓ.என்.டி. என்கிறார்கள், பழக்கத்தால் அதையும் மோடம் என்றே நாம் அழைக்கிறோம். அவ்வாறு வந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரௌட்டரின் வேலை. அநேக வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே தொடர் இவ்வாறு அமைகிறது: நிறுவனம், தெருவிலிருந்து வரும் இழை, ஓ.என்.டி., ரௌட்டர், வைஃபை அலை, இறுதியில் நம் கைப்பேசி அல்லது மடிக்கணினி. பழுது இவற்றுள் எந்தக் கண்ணியிலும் இருக்கலாம். நாமோ எதையும் பாராமல், தொடரிலேயே இல்லாத ஒருவன்மீது பழியைப் போட்டிருந்தோம்.

மூன்று இரவுகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்குமாறு அவர் கூறினார். இணைப்பு கெட்ட நேரம், அப்போது பெட்டியின் விளக்குகள் இருந்த நிலை, முற்றிலும் அறுந்ததா அல்லது திணறியதா என்ற மூன்றையும் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு பழுதுகள். ஒன்று, இணைப்பு இரண்டு நிமிட அளவுக்கு முழுமையாக அறுந்து பின்னர் தானாக வருவது. மற்றொன்று, இணைப்பு இருக்கும்போதே குரல் திக்கித் திக்கி வருவது. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் எதற்கும் மருந்து கிடைக்கவில்லை.

முதல் பழுது: சிவப்பு விளக்கு

ஓ.என்.டி.யில் பான், லாஸ் என்ற பெயர்களில் இரு விளக்குகள் இருக்கும். பான் விளக்கு நிலையாக எரிந்தால் நிறுவனத்தின் கருவியோடு நம் பெட்டி இணைந்திருக்கிறது என்று பொருள். லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, இழையின் வழியே வர வேண்டிய ஒளி வரவில்லை அல்லது போதவில்லை என்று பொருள். அந்நேரத்தில் ரௌட்டரை எத்தனை முறை அணைத்து எரியவிட்டாலும் பயனில்லை. குறை இழையில் இருக்கிறது.

இரண்டாம் இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில், பிள்ளைகளின் தாயார் துவைத்து மடித்த துணிகளை வைப்பதற்காக இரும்பு பீரோவைத் திறந்தார். எம் கண்முன்னேயே சிவப்பு விளக்கு எரிந்தது. நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றோம்.

ஓ.என்.டி.யை பீரோவின் மேல் வைத்திருந்தோம். எஞ்சிய இழையைச் சுருட்டி, அழகு கருதி பீரோவுக்கும் சுவருக்கும் இடையே செருகியிருந்தோம். கனத்த கதவைத் திறக்கும்போது பீரோ சற்றே சாய்ந்து அந்தச் சுருளை நசுக்கியது. கண்ணாடி இழை அளவுக்கு மீறி வளைந்தால் உள்ளே செல்லும் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடுகிறது. கதவை மூடினால் ஒளி திரும்ப வரும். பெட்டி மீண்டும் நிறுவனத்தோடு இணைந்து, இணையம் திரும்பச் சற்று நேரம் ஆகும். அதுவே அந்த இரண்டு நிமிடங்கள்.

ஓ.என்.டி.யின் அமைப்புப் பக்கத்தில், பெறப்படும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும். வீடுகளுக்கான ஜிபான் வகை இணைப்புகளில் அது பொதுவாக -8-க்கும் -27-க்கும் இடையே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பீரோ மூடியிருந்தபோதே -26 காட்டியது, விளிம்பிலேயே இருந்திருக்கிறது. சுருளை வெளியே எடுத்து, ஒரு தட்டின் அகலத்துக்குத் தளர்வான வளையமாகச் சுவரில் மாட்டியபின் -20 ஆனது. பகலில் பணியாளர் வந்தபோது யாரும் பீரோவைத் திறக்கவில்லை. அந்த மனிதரை நாம் கடிந்துகொண்டது தவறு என்பதும் அப்போது விளங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி நம் கண்ணுக்குப் புலப்படாது; ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது. முனையை விரலால் துடைப்பதும் கூடாது. பச்சை நிற முனையும் நீல நிற முனையும் வெவ்வேறு வகையில் தேய்க்கப்பட்டவை. ஒன்றை மற்றொன்றின் துளையில் செருகக் கூடாது.

இரண்டாம் பழுது: திக்கும் குரல்

இதற்கு எமது மாணவர் சொன்ன சோதனை எளிமையானது. மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிள் வழியாக நேரே ஓ.என்.டி.யில் இணைத்து வேகத்தைப் பார்க்க வேண்டும். கேபிளிலும் வேகம் இல்லையெனில் குறை நிறுவனத்தின் பக்கமோ இழையிலோ இருக்கிறது. கேபிளில் வேகம் இருந்து வைஃபையில் இல்லையெனில் குறை நம் வீட்டுக்குள் இருக்கிறது. எங்களுக்குக் கேபிளில் 94 எம்பிபிஎஸ் கிடைத்தது. பாடம் நடத்தும் பின்னறையில் வைஃபை வழியாக 6, 7 என்று தடுமாறியது.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் அதிகம், தடங்களும் அதிகம். ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும்.

எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவை. இஷாவுக்குப் பின் எல்லாக் குடும்பங்களும் வீட்டில் இருக்கும். கைப்பேசியில் தேடியபோது எங்கள் பின்னறையில் மட்டும் பதினான்கு வைஃபை பெயர்கள் தெரிந்தன. அனைத்தும் அந்த மூன்று தடங்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஹிஃப்ழு வகுப்பில் முப்பது பிள்ளைகள் உரக்க ஓதும்போது ஓரத்தில் இருக்கும் ஒருவனின் குரலைக் கேட்க முயல்வதைப் போன்றது அது. 100 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் இந்த நெரிசல் தீராது. நாம் ஆசையோடு வாங்கிய நான்கு ஆண்டெனா ரௌட்டர் 2.4 அலைவரிசையில் மட்டுமே இயங்குவது. அதையும் இரும்பு பீரோவின் மேல்தான் வைத்திருந்தோம்.

தீர்வு இவ்வாறு அமைந்தது: முன்கூடத்திலிருந்து பின்னறை வரை பதினைந்து மீட்டர் லேன் கேபிளைச் சுவரோரமாக இழுத்து, பின்னறையில் இரு அலைவரிசை ரௌட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக வைத்தோம். பாடத்துக்கான மடிக்கணினியைக் கேபிளிலேயே இணைத்தோம். அன்றிலிருந்து அந்தச் சிறுமியின் குரல் பக்கத்தில் அமர்ந்து ஓதுவதைப் போலக் கேட்கிறது. அவளிடம், “முன்பு பிழை உன்னுடையது அல்ல, எங்கள் வீட்டுக் கருவியுடையது” என்றும் சொன்னோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், என்ன வாங்க வேண்டும் என்பதை நிறுவனத்திடம் கேட்டு அறியுங்கள். ஓ.என்.டி. நிறுவனத்தின் கருவியில் பதிவு செய்யப்பட வேண்டியது. வெளியில் வாங்கிச் செருகினால் இயங்கும் என்ற உறுதி இல்லை. ரௌட்டரை நம் விருப்பப்படி வாங்கலாம்.

இரு அலைவரிசையும் உள்ளதை வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் வரையிலான திட்டத்துக்கு வைஃபை 5 வகையே போதும். கருவிகள் பல உள்ள வீடாயின் வைஃபை 6 நல்லது. பெட்டியில் 1200 என்று அச்சிட்டிருந்தால், அது இரு அலைவரிசைகளின் ஏட்டளவு வேகங்களைக் கூட்டிய எண் என்று அறிக. எந்தக் கைப்பேசிக்கும் அது முழுமையாகக் கிடைக்காது. 100-க்கு மேற்பட்ட திட்டம் எடுப்பவர்கள் கேபிள் துளைகள் கிகாபிட் வகையா என்று பார்க்க வேண்டும். பழைய வகைத் துளை 100-ஐத் தாண்டவிடாது. ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்.

ரௌட்டரை வீட்டின் நடுவில், உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் வைக்காதீர்கள். மின்தடை மிகுந்த ஊர்களில் ரௌட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் உதவும். அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். ரௌட்டர் காரணமின்றித் தானாக அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

பெட்டியோடு வரும் நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பை வையுங்கள். விருந்தினருக்கெனத் தனி வைஃபை அமைக்கும் வசதி பெரும்பாலான ரௌட்டர்களில் உண்டு. அண்டை வீட்டாரின் வைஃபையை அவர்கள் அறியாமல் பயன்படுத்துவது பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பதே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தகாத தளங்களைத் தடுக்க, ரௌட்டரின் டிஎன்எஸ் என்னும் இடத்தில் 1.1.1.3 என்றும், அடுத்த வரியில் 1.0.0.3 என்றும் இடலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-ஆம் ஆண்டிலிருந்து குடும்பங்களுக்கெனக் கட்டணமின்றி இந்தச் சேவையைத் தருகிறது. ஆனால் பிள்ளை கைப்பேசியின் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்தத் தடுப்பு இல்லை. வேலிக்குப் பின்னாலும் பிள்ளையோடு பேசும் பேச்சு வேண்டும்.

நிறுவனத்தை அழைக்கும்போது, “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எரிகிறது, எத்தனை மணிக்கு அறுந்தது, கேபிளில் வேகம் எவ்வளவு என்பவற்றைச் சொல்லுங்கள். வெயிலில் கம்பம் ஏறி வரும் பணியாளருக்கு முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். நாம் இப்போது அவ்வாறே செய்கிறோம்.

மகனிடம் சொன்னது

சிவப்பு விளக்கைக் கண்ட அந்த இரவே மகனை அழைத்தோம். பிறரைப் பற்றித் தீய எண்ணம் கொள்வது பாவம் என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று ஜுமுஆ மேடையிலும் பேசியிருக்கிறோம். எமது வீட்டில், எமது பிள்ளையிடம், அவன் கண்ணால் கண்டு சொன்ன சாட்சியத்தைப் பொய் என்று தள்ளிவிட்டோம். “நீ சொன்னது உண்மை. வாப்பா உன்னை நம்பாதது தவறு. மன்னித்துக்கொள்” என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லை வாப்பா” என்றான். சிறிது நேரம் கழித்து, “பொய் சொல்கிறேன் என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது” என்றான். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

பின்னறைக்குக் கேபிள் இழுத்தபோது ஏணியில் ஏறி ஆணி அடித்தவன் அவனே. ரௌட்டரின் அமைப்புகளை மாற்றியதும் அவனே. அந்த நோட்டுப் புத்தகம் இப்போதும் ரௌட்டரின் அருகே ஆணியில் தொங்குகிறது. இணைப்பில் குறை கண்டால் வீட்டில் யாராயினும் நேரத்தையும் விளக்கையும் முதலில் அதில் எழுத வேண்டும்; அதன் பிறகே பேச வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களை நம் நாவின் தீங்கிலிருந்து காத்தருள்வானாக. தீர விசாரித்து நடக்கும் நல்லோருள் நம்மைச் சேர்த்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.